தியாகி சாமியப்பன் ஐஸ்கிரீம்

ஐஸ்கிரீம் இருக்கு அக்கா. நிறைய இருக்கு. ஏலக்காய் இருக்கு, நுங்கு இருக்கு, சப்போட்டா காலையில போட்டது. ஆனா நான் எடுத்துத் தரக் கூடாது. நாத்தனார் டெய்லர் கடை வரைக்கும் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. அதுவரைக்கும் இந்த ரெண்டாம் நம்பர் அறையில உட்காருங்க. மத்த அறையை விட இதுலதான் காத்து வரும். கம்பிக் கதவு தானா சாத்திக்கும், பயந்துடாதீங்க. பூட்டை எல்லாம் எடுத்தாச்சு.

ஏன் தரக் கூடாதுன்னா... என் கைக்கு ராசி இல்லை அக்கா. அவ்வளவுதான் விஷயம். நீங்க ஏன் முகத்தைச் சுளிக்கிறீங்க? எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருக்கு, சிலருக்கு இல்லை. அது மாதிரிதான் இதுவும்.

சும்மா உட்கார்ந்திருக்கீங்களேன்னு வேணும்னா கதையைச் சொல்றேன். வர்றவங்களுக்குக் கட்டடத்தோட கதையைச் சொல்லணும்னு, இதைப் பார்த்துக்கிற கவர்மெண்ட் ஆபீசர் அம்மா கண்டிஷனே போட்டிருக்காங்க. மாமா சொன்னாத்தான் நல்லா இருக்கும். நான் ஆளுங்க முன்னாடி பேசிப் பழகினவ இல்லை, ஏழாவதோட நின்னுட்டேன். நீங்க பொம்பளை, தனியா வந்திருக்கீங்க, அதான் கொஞ்சம் வாய் வருது.

இது வெள்ளைக்காரன் காலத்து சப்-ஜெயில். நாலு அறை, நடுவுல முற்றம். அந்த ஜன்னல் மாடத்துல என் பாப்பாவைப் படுக்க வைக்கலாம், சுவர் அவ்வளவு அகலம். ரொம்ப வருஷமா பூட்டித்தான் கிடந்தது. அப்புறம் கவர்மெண்ட்ல சரி பண்ணி, சும்மா கிடக்கிறதுக்கு யாராவது கடை வைக்கட்டும், ஆனா கட்டடத்தோட சம்பந்தம் உள்ள குடும்பமா இருக்கணும்னு சொல்லிட்டாங்க.

அப்படிச் சொன்னதும் ஊர்ல சம்பந்தம் இல்லாத குடும்பமே இல்லை. ஜவுளிக்கடைக்காரங்க வந்து, ஜெயிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சது எங்க தாத்தான்னாங்க. இட்லிக் கடைக்காரங்க, ஜெயிலர் தின்னது எங்க வீட்டு இட்லின்னாங்க. எங்க மாமாதான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். 'எங்க தாத்தா சாமியப்பன் உள்ளேயே இருந்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போன தியாகி'ன்னார். அதுக்கு மேல சுண்ணாம்புக்கும் இட்லிக்கும் என்ன மதிப்பு? சாவி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு.

மாமான்னா என் மாமனார், வைரக்கண்ணு. தாத்தா காலத்துல இருந்து பால் வியாபாரம்தான். ரொம்ப நேர்மையானவர் அக்கா. பால்ல மாவைப் போடறான், சோப்பைப் போடறான்னு ஊர்ல என்னென்னமோ சொல்றாங்களே, எங்க மாமா அந்தக் கலப்படம் எல்லாம் பண்ணவே மாட்டார். தண்ணி மட்டும்தான் சேர்ப்பார்.

ஐஸ்கிரீம் கடைங்கிறது இவரோட ஆசை. இவர்னா எங்க வீட்டுக்காரர், அறிவழகன். கல்யாணம் ஆன கையோட குவைத்துக்குப் போனவர். அங்க ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில வேன் ஓட்டினார். பாப்பா பிறந்ததை போன்லதான் பார்த்தார், பல் முளைச்சதையும் போன்லதான் பார்த்தார். லீவுல வந்து இறங்கினப்ப பாப்பா என் முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டா.

'யாருடி இது, சொல்லு?'ன்னேன்.

'போன் மாமா'ன்னா.

எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சார். சிரிச்சுட்டு கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

அதுக்கப்புறம்தான், 'நான் திரும்பப் போகலை, இங்கேயே ஐஸ்கிரீம் போடறேன்'னு ஆரம்பிச்சார். அத்தைக்கு, அதான் என் மாமியாருக்கு, இஷ்டமில்லை. 'கடை ஓடினா இரு. ஓடலைன்னா மறுபேச்சு பேசாம பிளேன் ஏறிடணும்'னு சொல்லிட்டாங்க. குவைத் ஏஜெண்ட்டும் விடாம போன் போட்டுக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும், இவர் எடுத்துடக் கூடாதேன்னு சாமியைக் கும்பிட்டுக்குவேன். வெளியே சொல்ல முடியுமா? புருஷன் சம்பாதிக்கப் போறது பொண்டாட்டிக்குப் பிடிக்கலைன்னா ஊர் என்ன சொல்லும்!

என் கைக்கு வர்றேன். மெஷினை இவர் பார்த்துப்பார். பால் காய்ச்சுறது அடுப்படி வேலை, அதனால அது என் பாடு. மாமா கேன்ல கொண்டு வந்து குண்டான்ல ஊத்துவார், நான் காய்ச்சுவேன். எனக்கு அளவெல்லாம் தெரியாது அக்கா. பார்த்தா நீர்க்க இருக்கிற மாதிரி இருக்கும். அடுப்பைக் குறைச்சு வெச்சு, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு கிண்டிக்கிட்டே நிப்பேன். கரண்டியில ஒட்டினாத்தான் மனசு ஆறும். அதுக்குள்ள பால் பாதிக்கு வந்துடும்.

அத்தை வந்து எட்டிப் பார்ப்பாங்க.

'எங்கடி பாலு?'

'இதான் அத்தை.'

'இதான்னா? விளிம்பு வரைக்கும் இருந்ததே! குடிச்சுட்டியா?'

'இல்லை அத்தை.'

'அப்ப எங்க போச்சு?'

எங்க போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. மாமா குண்டானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார். 'நான் கொண்டு வந்தது முழுப் பாலு. தண்ணின்னா வத்தும். பாலு எப்படி வத்தும்?'னார். எத்தனை வருஷமா பால்ல இருக்கிறவர், அவருக்குத் தெரியாதா? அப்பதான் அத்தை கண்டுபிடிச்சாங்க, 'இவ கைதாங்க. இவ கை பட்டா எதுவும் குறையுது'ன்னு.

யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அது சரின்னுதான் பட்டது. ஏன்னா நாத்தனார் வசந்தாமணி காய்ச்சினா ஊத்தினது ஊத்தின மாதிரியே இருக்கும். பொங்கி வந்ததும் இறக்கி வெச்சுட்டு டிவி பார்க்கப் போயிடுவாங்க. ஒரு சொட்டு குறையாது. கைராசின்னா அதுதான். வீட்டுல ரெண்டு மூணு தடவை ஐஸ்கிரீம் போட்டுப் பார்த்தோம், என் பால்லதான். நல்லாத்தான் வந்தது. 'மெஷின் நல்ல மெஷின்டா'ன்னு எல்லாரும் மெஷினைத் தட்டிக் கொடுத்தாங்க.

திறப்பு விழாவுக்குப் புது இடத்துல பால் காய்ச்சணும் இல்லையா? அதை என் கையில விட முடியுமா? முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, இதோ இந்த முற்றத்துல நாத்தனார் கையால காய்ச்சினாங்க. பொங்குச்சு, எல்லாரும் கை தட்டினாங்க, இறக்கிட்டாங்க. விளிம்பு வரைக்கும் அப்படியே நின்னது. அத்தை என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். விழாவுக்கான ஐஸ்கிரீம் அத்தனையும் அந்தப் பால்ல போட்டதுதான். வீட்டுல நான் பாப்பாவுக்குன்னு ஒரு சின்னத் தூக்கு அளவுக்கு மட்டும் காய்ச்சி வெச்சிருந்தேன். வியாபாரத்துக்கு இல்லை பாருங்க, அதனால தோஷம் இல்லை. இவர் அதையும் மெஷின்ல ஓட்டி, தூக்கோட ஃப்ரீசர் மூலையில வெச்சுட்டார்.

மறுநாள் காலையில என்ன கூட்டம்ங்கிறீங்க! கட்டடத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஆபீசர் அம்மா ஆர்டர். அதனால 'தியாகி சாமியப்பன் ஐஸ்கிரீம்' போர்டை நாத்தனார் வீட்டுக்காரர் வாசல்ல கையாலயே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னார், விழா முடியற வரைக்கும். வியர்வை வழியுது, துடைக்கக் கை இல்லை. பூசணிக்காய் உடைச்சா தரை கறையாகும்னு அதுக்கும் தடை. அத்தை விடுவாங்களா? நேரா போய் ஆபீசர் ஜீப்புக்கு முன்னாடி உடைச்சுட்டு வந்தாங்க. அவங்களுக்கும் திருஷ்டி கழிஞ்ச மாதிரி ஆச்சு.

சாமியப்பன் தாத்தாவுக்கு போட்டோ கிடையாது. அந்தக் காலத்துல ஏது? அதனால மாமாவே முண்டாசு கட்டி, மீசை ஒட்டி, ஸ்டுடியோவுல எடுத்துக்கிட்டார். கறுப்பு வெள்ளையில பார்த்தா பழசாத்தான் தெரியும். அதுக்கு ரோஜா மாலை போட்டு, மாமா கை கூப்பிக் கும்பிட்டப்ப எனக்கே அழுகை வந்துடுச்சு.

என்னை நாலாம் நம்பர் அறையில இருக்கச் சொன்னாங்க, பாப்பாவோட, தண்ணி டிரம்மோட. நல்லதாப் போச்சு. எனக்குக் கூட்டம்னா கை கால் ஓடாது. கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்துட்டா நம்மளை யாரும் பார்க்க மாட்டாங்க, நாம எல்லாரையும் பார்க்கலாம்.

மாமா பேசினார். 'பால் கேனைத் தூக்கின கையில கொடியைத் தூக்கினார் எங்க தாத்தா'ன்னார். ரிப்பன் வெட்டினாங்க. நாத்தனார் பட்டுப்புடவையில நின்னு, முதல் போணியா ஆபீசர் அம்மாவுக்கு ஒரு கப் கொடுத்தாங்க. அப்புறம் வார்டு மெம்பருக்கு, அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாருக்கும்.

'கடக் கடக்'னு சத்தம் மட்டும் கேட்டது. ஆபீசர் அம்மா ஸ்பூனால குத்திப் பார்த்தாங்க, ஸ்பூன் உடைஞ்சுடுச்சு. வார்டு மெம்பர் ஒரு கடி கடிச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பல்செட்டைச் சரி பண்ணினார். இவர் ஒரு கப்பை எடுத்து வாயில வெச்சார். அப்படியே முகம் செத்துப் போச்சு. அது ஐஸ்கிரீம் இல்லை அக்கா, ஏலக்காய் வாசனை அடிக்கிற ஐஸ்கட்டி.

கூட்டத்துல பக்கிரிசாமித் தாத்தா உட்கார்ந்திருந்தார். பழைய தபால்காரர், தொண்ணூறைத் தாண்டினவர். அவருக்குக் கடிக்கப் பல்லே இல்லை, அதனால சப்பிக்கிட்டு இருந்தார். திடீர்னு கண்ணை மூடினார். 'இந்தப் பாலு... இதை நான் குடிச்சிருக்கேனே'ன்னார்.

மாமா மைக்கை அவர் வாய்கிட்ட கொண்டு போயிட்டார். 'சொல்லுங்க பெரியவரே, சத்தமா சொல்லுங்க!'

'டேய் வைரக்கண்ணு, இது உங்க தாத்தன் சாமியப்பன் பாலுடா!'

'கேட்டீங்களா! பாரம்பரியம்!'னு மாமா எல்லாரையும் பார்த்தார். கை தட்டினாங்க.

'அதே தண்ணிடா!'ன்னார் தாத்தா, மைக்குலயே. 'சின்னப் பிள்ளையில தினம் காலையில குடிச்சது மறக்குமா? இதுக்குத்தானே அவனைப் பிடிச்சு இந்த ஜெயில்ல போட்டாங்க! பால்ல தண்ணி ஊத்தினதுக்கு!'

மாமா மைக்கைப் பிடுங்கினார். ஆனா அவர் சளைக்கிற ஆளா? 'ஆமாம், ஊத்தினார்! யாருக்கு ஊத்தினார்? வெள்ளைக்காரத் துரைக்கு! துரைமாருக்கு உடம்புல சத்து ஏறக் கூடாதுன்னு ஊத்தினார்! அதுவும் போராட்டம்தான்!'

'எங்க வீட்டுக்கும் அதே பாலுதான்டா ஊத்தினான். எங்கப்பன் துரையா?'

கூட்டம் சிரிச்சுது பாருங்க, முற்றத்துல புறாவெல்லாம் பறந்து போச்சு. தாத்தா அதோட விட்டாரா? மாலை போட்ட போட்டோகிட்ட போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, 'இது ஏன்டா உன்னை மாதிரியே இருக்கு? உனக்கு எப்படா மாலை போட்டாங்க?'ன்னார்.

ஆபீசர் அம்மா சிரிக்கலை. 'வைரக்கண்ணு ஐயா, தியாகின்னு சொன்னீங்களே?'ன்னாங்க.

'தியாகம்தாம்மா. வியாபாரத்துக்காக உள்ளே போனார்'னார் மாமா.

'சாவியைக் கொடுங்க. நான் மேல கேட்டுட்டுச் சொல்றேன்'னு கையை நீட்டினாங்க.

சரியா அந்த நேரம் பார்த்து இவர் போன் அடிச்சது. ஏஜெண்ட்டோட நம்பருக்கு ஒரு தனிப் பாட்டு வெச்சிருந்தார், அதனால எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. அத்தை, 'எடுடா. வர்றேன்னு சொல்லிடு'ன்னாங்க. இவர் போனைக் கையில வெச்சுக்கிட்டு நாலாம் நம்பர் அறையைப் பார்த்தார். நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பதான் பாப்பா கம்பி இடுக்குல நுழைஞ்சு வெளியே போயிட்டா. வெள்ளைக்காரன் குழந்தைங்களை நினைச்சா ஜெயில் கட்டினான்? நேரா போய் இவர் பேண்டைப் பிடிச்சு இழுத்தா.

'அப்பா. என் தூக்கு.'

அதுவரைக்கும் அக்கா, 'போன் மாமா'வுல இருந்து 'போன் அப்பா' வரைக்கும்தான் பாப்பா வந்திருந்தா. அன்னைக்குத்தான் வெறும் அப்பா. இவர் போனை எடுக்கவும் இல்லை, கட் பண்ணவும் இல்லை, அப்படியே பாக்கெட்ல போட்டுட்டார். அது பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருந்தது. ஃப்ரீசரைத் திறந்து தூக்கை எடுத்து, பாப்பாவை மேஜை மேல உட்கார வெச்சு, ஸ்பூனைக் கையில கொடுத்தார். அந்தக் கூட்டத்துல வேற யாருமே இல்லாத மாதிரி.

பாப்பா சாப்பிடறதை ஆபீசர் அம்மா பார்த்தாங்க. ஸ்பூன் உள்ளே போகுது, ஐஸ்கிரீம் வெண்ணெய் மாதிரி வெளியே வருது. சாவிக்கு நீட்டின கையை மடக்கிக்கிட்டு, 'எனக்கு ஒரு வாய் தருவியா?'ன்னாங்க. பாப்பா கொடுத்தா. இன்னொரு வாய் கேட்டாங்க. அதுவும் கொடுத்தா. மூணாவதுக்குத் தூக்கை அந்தப் பக்கம் நகர்த்தி வெச்சுக்கிட்டா.

பக்கிரிசாமித் தாத்தாவும் விரலால தொட்டு நக்கிப் பார்த்தார். 'இது சாமியப்பன் பாலு இல்லை. இதுல தண்ணியே இல்லையே!'

மாமாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. 'அதுவும் என் பாலுதான்யா!'ன்னு கத்தினார்.

'இதை யார் செஞ்சது?'ன்னு ஆபீசர் அம்மா கேட்டாங்க. இவர் வாயைத் திறந்தார். நான் கம்பிக்குப் பின்னாடி இருந்து வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தா நான் என்ன பண்ணுவேன்? அத்தை முந்திக்கிட்டாங்க. 'எல்லாம் என் மக கைராசி மேடம்.' அதுல தப்பு ஒண்ணும் இல்லை அக்கா. அந்தத் தூக்கு நாத்தனாரோடதுதான்.

ஆபீசர் அம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. 'கட்டடத்தோட சம்பந்தம் இருக்கணும்னுதான் விதி. உள்ளே இருந்தவர் குடும்பம், அது உண்மைதான். ஆனா உண்மையை எழுதி வைக்கணும். ஐஸ்கிரீமும் இந்தத் தூக்குல இருக்கிற மாதிரிதான் இருக்கணும். வந்து வந்து பார்ப்பேன்'னாங்க. சாவியை வாங்கிக்கலை.

அதோ உங்க தலைக்கு மேல, மாடத்துல சாத்தி வெச்சிருக்கே, அந்தப் பலகைதான். படிங்க. 'பாலில் தண்ணீர் கலந்த குற்றத்துக்காகச் சாமியப்பன் அடைபட்டிருந்த அறை.' ஆமாம், நீங்க உட்கார்ந்திருக்கிற அறைதான். வெளியூர்க்காரங்க இதுக்குன்னே காத்திருந்து உட்காருறாங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிறாங்க. வாசல் போர்டுல மட்டும் தியாகிங்கிறதை எடுக்க மாட்டேன்னுட்டார் மாமா. இப்ப ஆட்டோக்காரங்களே 'தண்ணிப்பால் தியாகி கடை'ன்னாத்தான் கொண்டு வந்து விடுறாங்க.

விழா ஐஸ்கிரீம் ஏன் அப்படி ஆச்சுன்னு அத்தை நல்லா யோசிச்சாங்க. நான் கம்பிக்குள்ள இருந்து பார்த்துக்கிட்டே இருந்ததுதான் காரணமாம். தூக்குல இருந்தது ஏன் நல்லா வந்தது? அவங்க அடுப்படி விசேஷம். அதனால இப்ப ஏற்பாடு என்னன்னா, வீட்டு அடுப்படியில நானே காய்ச்சலாம். ஆனா கடையில கப்பை நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுக்கிறது நாத்தனார் கை. எல்லாருக்கும் சௌகரியமாப் போச்சு.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துது. உங்ககிட்ட சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. வியாபாரம் பெருசானதும் மாமா பாலையும் பெருசாக்கிட்டார். அதே மாடுதான், கேன் மட்டும் கூடிப்போச்சு. அதனால கிண்டக் கிண்ட முடியவே மாட்டேங்குது. கை ஓஞ்சு போறதைப் பார்த்துட்டு சாயங்காலம் இவர் வந்து கரண்டியை வாங்கிக்கிறார். நான் பக்கத்துல உட்கார்ந்து பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவேன். அவ அவர் முதுகுல ஏறிக்கிட்டு, 'அப்பா வேகமா, அப்பா வேகமா'ம்பா. பால் சுண்டற வரைக்கும் மூணு பேரும் அங்கேயேதான். முன்னெல்லாம் எப்படா இறக்குவோம்னு இருக்கும். இப்ப அப்படி இல்லை.

ஒரு நாள் அத்தை எட்டிப் பார்த்தாங்க. இவர் கரண்டியும் கையுமா நிக்கிறார், குண்டான்ல பால் பாதிதான் இருக்கு. இவர், தெருவுக்கே கேக்கிற மாதிரி, 'பாத்தியாம்மா, என் கையிலயும் குறையுது!'ன்னார். அத்தை ஆடிப் போயிட்டாங்க. பெத்த பிள்ளை பாருங்க. அடுத்த தடவை ஏஜெண்ட் போன் போட்டப்ப அவங்களே பிடுங்கிப் பேசிட்டாங்க. 'அவன் வரலைப்பா. அவன் கையும் பொண்டாட்டி கை மாதிரி ஆயிடுச்சு. அங்க வந்தா உங்க கம்பெனியையே குறைச்சுடுவான். இங்கேயே கிடக்கட்டும். இனிமே போன் போடாதே.'

எனக்கு ரொம்பப் பாவமா இருந்தது அக்கா. என்னாலதானே அவர் ராசியும் போச்சு? அவர்கிட்டயே சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சிரிக்கிறார். பாலைக் கிண்டிக்கிட்டே சிரிக்கிறார், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறார். அதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

நாத்தனாரை இன்னும் காணோம். அந்த டெய்லர்கிட்ட பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது அவங்களுக்கு. உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு?

ஐயோ, அதுக்குள்ளயா? அப்ப ஒண்ணு பண்றேன். கப்பைப் போட்டு இந்த மாடத்துல வெச்சுட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்களே எடுத்துக்கிட்டா என் கை கொடுத்ததா ஆகாது.

என்னது? என் கையாலயே கொடுக்கணுமா? வேண்டாம் அக்கா. உங்களுக்கு எதுக்கு வம்பு, பயணம் போறவங்க நீங்க. கையை ஏன் இப்படி நீட்டிக்கிட்டே நிக்கிறீங்க, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க...

சரி. வாசல்ல யாரும் வரலையே? ஏலக்காயா, நுங்கா? இந்தாங்க, பிடிங்க. போற வழியில பாதியா குறைஞ்சு போச்சுன்னா மட்டும் என்னைச் சொல்லக் கூடாது.